துளசிக் குடும்பமா என்று எப்படி உறுதி செய்வது?

வாசனையையும் சதுரத் தண்டையும் நம்பி ஒரு செடியை லேமியேசி, அதாவது துளசிக் குடும்பம், என்று எழுதிவிடாதீர்கள். கோயம்பேட்டில் விற்கும் மரிக்கொழுந்து கமகமக்கும். ஆனால் அது சாமந்தி குடும்பம். உண்ணிச்செடிக்குத் தண்டும் சதுரம், இலைகளும் எதிரெதிர், ஆனால் அது வெர்பினேசி என்ற வேறு குடும்பம். பூவைப் பிளந்தால்தான் தெளியும்.

பத்து மடங்கு லென்ஸ், புது பிளேடு, குண்டூசி போதும். பழகத் தும்பையே நல்லது. மழைக்காலம் முடிந்ததும் சென்னையின் காலி மனைகளில் தாராளமாகக் கிடைக்கும். கடைப் புதினாக் கட்டு உதவாது, பூக்கும் முன்பே அறுத்துவிடுவார்கள்.

முதலில் மலர்ந்த பூ. தும்பையில் மேலுதடு சிறிய முக்காடு, கீழுதடு அகன்று மூன்று மடல். துளசியில் இது தலைகீழ்: மேலே நான்கு மடல், கீழே ஒன்று. மகரந்தத்தாள் இரண்டிலும் நான்கு. அடுத்து, அல்லி இதழ்கள் உதிர்ந்தும் பச்சையாகவே இருக்கும் புல்லிக்குழலை (பூவின் அடியில் உள்ள பச்சைக் குழலை) நீளவாக்கில் கீறுங்கள். அடியில் சூலகம் (காயாக மாறும் பகுதி) நான்கு உருண்டைகளாகப் பிரிந்திருக்கும். சூலகத்தின் மெல்லிய காம்பான சூல்தண்டு அவற்றின் நடுவே, அடியிலிருந்து எழும்பும். அந்த நான்கும்தான் முற்றி நான்கு சிறு கொட்டைகளாகின்றன. சப்ஜா விதை என்று வாங்குவதும் திருநீற்றுப்பச்சிலையின் இந்தக் கொட்டைதான். காய்ந்த குழலை எடுத்தால் கொட்டைகள் உதிர்ந்து போயிருக்கும், எண்ணிக்கை தப்பும்.

இந்தச் சோதனை தேக்கிலும் நொச்சியிலும் செல்லாது. அவற்றில் சூல்தண்டு சூலகத்தின் உச்சியில் நிற்கும். அதனால்தான் பழைய நூல்கள் அவற்றை வெர்பினேசியில் வைத்தன. 1990களில்தான் லேமியேசிக்கு வந்தன. இப்படிப்பட்ட செடிகளில் பூங்கொத்தைப் பாருங்கள்: நொச்சியின் சிறு கொத்தில் நடுப்பூ முதலில் விரியும், உண்ணிச்செடியில் ஓரப்பூ முதலில் விரியும்.

இனிப் பெயர். லேமியம் என்ற பேரினத்திலிருந்து லேமியேசி. லேபியேட்டி என்ற பழைய பெயரும் விதிப்படி செல்லும். ஆனால் ஒரே செடியினத்துக்கு இரு பெயர் இருந்தால் முந்தியதே நிற்கும். லின்னேயஸ் துளசிக்கு 1753-இல் ஓசிமம் டெனுயிஃப்ளோரம் என்றும், 1767-இல் ஓசிமம் சாங்டம் என்றும் பெயரிட்டார், முதலாவதையே எழுதுங்கள்.

கற்பூரவல்லியில்தான் பலரும் தடுக்குகிறார்கள். அறிவியல் பெயரின் பின்னால் பெயரிட்டவரையும் எழுதுவது வழக்கம்; பேரினம் மாறினால் முதலில் பெயரிட்டவர் அடைப்புக்குறிக்குள் போவார், மாற்றியவர் பெயர் அதன் பின் வரும். தாவரவியலாளர் லூரெய்ரோ 1790-இல் அதைக் கோலியஸ் அம்பாய்னிகஸ் என்றார். ஸ்ப்ரெங்கல் என்ற தாவரவியலாளர் அதைப் பிளெக்ட்ராந்தஸ் என்ற பேரினத்துக்கு மாற்றியபோது லூரெய்ரோ பெயர் அடைப்புக்குறிக்குள் போனது. 2019-இல் அது மறுபடி கோலியஸுக்கே திரும்பிவிட்டது. எனவே பெயர்ப்பலகையில் பேரினத்தை மட்டும் திருத்தினால் போதாது; அடைப்புக்குறியையும் ஸ்ப்ரெங்கலையும் நீக்கி, லூரெய்ரோவை மட்டும் விடுங்கள்.