பஸ்டர் கீட்டனை அவசரப்படுத்தாதீர்கள்: பழைய ஸ்லாப்ஸ்டிக் படம் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஸ்லாப்ஸ்டிக் எனப்படும், விழுந்து எழுந்து அடிபட்டுச் சிரிக்கவைக்கும் ஊமைப்பட நகைச்சுவையை முதன்முறையாகப் பார்க்க உட்காருகிறவர்கள் பத்தே நிமிடத்தில் எழுந்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறோம். “எல்லாரும் எறும்பு மாதிரி ஓடுறாங்க, எதுக்குச் சிரிக்கணும்னே தெரியல” என்பார்கள். நாமும் ஒரு காலத்தில் அப்படி எழுந்து போனவர்கள்தான். பெரும்பாலும் கோளாறு அவர்கள் பார்த்த பிரதியில் இருக்கும். போனை ஓரமாக வையுங்கள், அறையை இருட்டாக்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுவோம்.

வேகம் தப்பிய பிரதி

1910களில் கேமராவைக் கையால்தான் சுற்றினார்கள். விநாடிக்கு ஏறத்தாழ 16 முதல் 20 ஃபிரேம் (சுருளில் உள்ள தனித்தனிப் படம்) வரை பதிவாகும். பேசும்படம் வந்ததும் வேகம் 24 ஃபிரேம் என்று நிலைத்தது. பிறகு பழைய சுருள்களையும் அதே 24இல் ஓட்டிப் பிரதி எடுத்தார்கள். அவைதான் டிவிக்குப் போயின, இன்று இணையத்திலும் கிடக்கின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம், ஆக 1,000 அடி ரீலுக்கு 16,000. விநாடிக்கு 16 என்று ஓட்டினால் 16 நிமிடம் 40 விநாடி வரும். 24 என்று ஓட்டினால் 11 நிமிடம் 7 விநாடியில் தீர்ந்துவிடும். ஒரு ரீலுக்கே ஐந்தரை நிமிடம் திருட்டுப் போகிறது.

அதோடு உடம்பின் கனமும் போய்விடுகிறது, எரிச்சலே அதில்தான். விழுகிற மனிதனுக்கு எடை தெரிய வேண்டும். விழப்போகிறோம் என்று அவன் உணரும் அரை விநாடி நம் கண்ணில் பட வேண்டும், சிரிப்பு பிறக்கிற இடம் அது. ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ (1928) படத்தில் சுமார் இரண்டு டன் எடையுள்ள வீட்டு முகப்பு ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் மேல் அப்படியே சாய்கிறது. மாடி ஜன்னலின் திறப்பு அவரைச் சுற்றி இறங்க, சில அங்குல இடைவெளியில் அவர் நின்றபடி நிற்கிறார். சுவர் சாய எடுக்கும் நேரமும் அவர் அசையாமல் நிற்பதும் சேர்ந்ததுதான் அந்தக் காட்சி. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் காகித அட்டை விழுந்த மாதிரி இருக்கும். அந்த மனிதர் உயிரைப் பணயம் வைத்தது வீணாகிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நாயகனைப் பார்க்காதீர்கள், பின்னால் தெருவில் சும்மா நடந்து போகிறவர்களைப் பாருங்கள். அவர்களும் வெட்டி வெட்டி நடந்தால் வேகம் தப்பு. காட்சிகளுக்கு நடுவே வசனத்தைக் காட்டும் எழுத்து அட்டையை ஒருமுறை படித்து முடிப்பதற்குள் அது மறைந்தாலும் தப்பு. பிளேயரில் வேகத்தை 0.75க்குக் குறையுங்கள், 24 என்பது 18 ஆகிவிடும். பின்னணி இசை இழுபடும், ஒலியை அணைத்துவிட்டு வேறு பியானோ இசையைப் போட்டுக்கொள்ளலாம். அந்த இசை எப்படியும் பிற்காலத்தில் யாரோ ஒட்டியதாகத்தான் இருக்கும்.

ஆனால் எல்லாப் படத்துக்கும் இதைச் செய்யக் கூடாது. 1920களின் நடுவிலேயே திரையரங்குகளில் ஓட்டும் வேகம் 24ஐ நெருங்கிவிட்டது. ‘தி ஜெனரல்’ (1926) போன்ற படத்தை 0.75இல் போட்டால் தூங்கி வழியும். சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ (1931), ‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) இரண்டுக்கும் ஒலித்தடம் படத்தோடே சேர்ந்து வந்தது, அவற்றைத் தொடவே வேண்டாம். துரத்தல் காட்சிகளில் கேமராவை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி, திரையில் சற்று வேகமாக ஓடும்படி எடுப்பது அந்நாளைய வழக்கம். அந்த வேகம் படத்துக்குச் சொந்தமானது. சீரமைக்கப்பட்ட வட்டுகளில் இதையெல்லாம் ஏற்கெனவே சரிபார்த்திருப்பார்கள்.

இன்னொரு வகைப் பிரதி உண்டு. வேகத்தைச் சரிக்கட்ட ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமை இரண்டு முறை அச்சிட்டிருப்பார்கள். படம் விக்கிக்கொண்டே போகும். அதற்கு வைத்தியம் கிடையாது, வேறு பிரதி தேடுங்கள்.

திரையை நிரப்புவது

பக்கவாட்டில் கறுப்புப் பட்டை தெரிகிறதே என்று டிவியில் ‘ஜூம்’ போடுகிறார்கள். 4:3 சட்டகத்தை 16:9க்குள் பெரிதாக்கினால் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். வெட்டுப்படுவது தொப்பியும் காலும். ஸ்லாப்ஸ்டிக்கில் காலை வெட்டிவிட்டு எதைப் பார்ப்பது? கீட்டன் தலை முதல் பாதம் வரை தெரியும்படி தள்ளி நின்றே எடுத்தார், அசலாக விழுகிறார் என்று நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக.

இடது ஓரத்தையும் கவனியுங்கள். ஊமைப்படச் சட்டகம் சுருளின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். பிற்காலத்தில் ஒலித்தடத்துக்கு இடம்விட்டு அச்சிட்டபோது இடப்பக்கம் ஒரு கீற்று போனது. எழுத்து அட்டையின் வரிகள் இடது ஓரத்தை இடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பிரதி வேண்டாம்.

டிவியின் மோஷன் ஸ்மூத்திங்

ஃபிரேம்களுக்கு இடையே புதிய ஃபிரேம்களைச் செருகி அசைவை வழுவழுப்பாக்கும் வசதி இது. அணைத்துவிடுங்கள்.

வண்ணம் பூசிய பிரதி

வேண்டாம்.

துண்டு வீடியோவில் பார்ப்பது

ஹெரால்ட் லாய்ட் கடிகார முள்ளில் தொங்கும் காட்சியைப் பார்க்காதவர் இல்லை. ‘சேஃப்டி லாஸ்ட்!’ (1923) முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு. கட்டடம் ஏற வேண்டியவன் நாயகனின் நண்பன். அந்த நண்பனைப் போலீஸ்காரர் துரத்த, “இன்னும் ஒரு மாடி மட்டும் ஏறு” என்ற ஏற்பாட்டில் இவன் ஏறிக்கொண்டே போகிறான். ஒவ்வொரு மாடியிலும் ஒரு புது இடைஞ்சல். கடிகாரம் அந்த வரிசையில் வருகிறது. முதல் பாதியைத் தவிர்த்தால் மிஞ்சுவது ஒரு சர்க்கஸ் வித்தை. லாய்ட் 1919இலேயே ஒரு வெடிவிபத்தில் வலக்கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இழந்தவர். அதை மறைக்கும் கையுறையோடுதான் ஏறினார். உயரம் கேமரா கோணத்தால் கூட்டப்பட்டது என்பதும் உண்மை. கூரை மேல் செட் போட்டு, கீழே மெத்தை போட்டுத்தான் எடுத்தார்கள்.

எந்த ‘கோல்ட் ரஷ்’ என்று பார்க்காமல் ஆரம்பிப்பது

சாப்ளினின் அந்தப் படம் 1925இல் வந்தது. 1942இல் அவரே எழுத்து அட்டைகளை நீக்கி, தன் குரலில் கதைசொல்லி, இசை சேர்த்து, சுருக்கி மறுபடி வெளியிட்டார். கால அளவு 72 நிமிடத்தை ஒட்டியிருந்தால் அது 1942 வடிவம். கடைசி முத்தமும் அதில் இல்லை. முதல்முறை பார்ப்பவர்கள் 1925ஐத் தேடிப் பிடியுங்கள். காலணியைத் தின்னும் காட்சிக்கு எந்த விளக்கவுரையும் தேவையில்லை.

ஐந்து குறும்படத்தை ஒரே மூச்சில், தனியாக

இரண்டு ரீல் படங்கள் அன்று பெரிய நிகழ்ச்சியில் ஓர் அங்கமாக மட்டுமே ஓடின. ஒரு மாலைக்கு இரண்டு போதும். முதலில் கீட்டனின் ‘ஒன் வீக்’ (1920). கடைசியில் தண்டவாளக் காட்சி வருகிறது, அதை இங்கே சொல்லிக் கெடுக்க மனமில்லை. அடுத்து லாரல்-ஹார்டியின் ‘தி மியூசிக் பாக்ஸ்’ (1932), ஏறத்தாழ அரை மணி நேரம், பேசும்படம், ஆஸ்கார் வாங்கியது. பியானோவை நெடும் படிக்கட்டில் ஏற்றுவதுதான் முழுக்கதையும்.

இதைத் தனியாகப் பார்க்கிறவர்கள் “இடையிடையே சும்மா நிற்கிறார்களே” என்பார்கள். வெளியீட்டுக்கு முன் போடும் சோதனைக் காட்சிகளில் மக்கள் எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று கவனித்து, அதற்கேற்ப இடம்விட்டு வெட்டுவது ஸ்டான் லாரலின் வழக்கம். ஹார்டி கேமராவை வெறிக்கும் அந்த நேரம் அரங்கத்தின் சிரிப்புக்கு ஒதுக்கியது. வீட்டில் நான்கு பேரையாவது கூட்டி உட்காரவையுங்கள், ஒரு குழந்தையும் இருந்தால் நல்லது.