காணொலிக் கூட்டத்தில் எல்லோரையும் பங்கேற்க வைக்க

வெவ்வேறு ஊர்களிலிருந்து வேலை செய்பவர்கள் வாரந்தோறும் கூடும் காணொலிக் கூட்டத்தில், "யாருக்காவது கேள்வி உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் மௌனமே பதிலாகக் கிடைக்கும், நேரில் என்றால் ஒருவர் பேச வாயெடுப்பதை முகத்திலேயே கண்டுகொள்ளலாம், திரையில் அது எளிதில் தெரிவதில்லை.

ஆகவே கேள்வியை முதலில் சாட்டில் (திரையில் எழுத்தில் உரையாடும் பகுதியில்) எழுதி, 2 நிமிடம் அவகாசம் கொடுத்து, எல்லோரும் பதிலைத் தட்டச்சு செய்து வைத்திருந்து, நீங்கள் சொன்னதும் ஒரே நேரத்தில் அனுப்பச் சொல்லுங்கள். மூத்தவர் சொன்னதையே மற்றவர்கள் வழிமொழியும் பழக்கம் இதனால் குறைகிறது. இணைப்பு சரியில்லாமல் குரல் விட்டுவிட்டு வருபவரும் சமமாகப் பங்கேற்கிறார். எங்கள் குழுவில் மாதக்கணக்கில் மைக்கைத் திறக்காத இளம் மென்பொருள் சோதனையாளர் ஒருவர், "பழைய கைப்பேசிகளில் உள்நுழைவுப் பக்கம் திறப்பதே இல்லை" என்று ஒரு வரி அனுப்பியபோதுதான், நாங்கள் பல வாரமாகத் தேடிய புகாரின் காரணம் தெரிந்தது.

வந்த பதில்களில் இரண்டை எடுத்து, எழுதியவர்களிடமே விளக்கம் கேளுங்கள். பெயரை முதலில் அழைத்துவிட்டுப் பிறகு கேள்வியைச் சொல்வது முக்கியம், ஏனெனில் மைக்கைத் திறக்க அவருக்குச் சில நொடிகள் வேண்டும். கேமராவைத் திறந்தே வைக்கும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.