ஆகஸ்டு கடைசியில் கோடியக்கரைக்குப் போகிறவர்களுக்கு

வலசைப் பறவைகளைப் பார்க்க மார்கழி வரை காத்திருக்க வேண்டாம். சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்கள் ஆகஸ்டிலேயே கோடியக்கரைச் சதுப்பில் இறங்கத் தொடங்கிவிடும். காலை வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாமே கறுப்புப் புள்ளிகள்தான். நடுநீரை விட்டுவிட்டு, சேறு மினுங்கும் ஓரத்தைக் கண்ணால் துழாவுங்கள். நிறத்தைவிட நடையை நம்புங்கள்: உப்புக்கொத்தி என்னும் இன்னொரு கரைப்பறவை ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கொசு உள்ளானோ தையல் இயந்திர ஊசியைப் போல விடாமல் குத்திக்கொண்டே போகும். கீழ்நோக்கி வளைந்த அலகும் வயிற்றில் செங்கல் நிறத் திட்டுகளும் தெரிந்தால் அது வளைமூக்கு உள்ளான். இனப்பெருக்கக் கால இறகுகளை இன்னும் முழுதாக உதிர்க்காதது. எனக்கு இதற்காகவே இந்த மாதம் பிடிக்கும். பறவைகள் தலை நிமிர்த்தினால் அங்கேயே நின்றுவிடுங்கள். வட துருவத்தை ஒட்டிய நிலங்களிலிருந்து பறந்து இளைத்து வந்தவை அவற்றில் பல, பசியாறட்டும்.