தனியாகப் பணிபுரிவோருக்கான முதலுதவி ஏற்பாடு

உடன் எவரும் இல்லாத இடத்தில் பணிபுரிபவருக்கு முதலுதவி ஏற்பாடு செய்யும்போது, பெட்டியில் எதை வைப்பது என்பதைவிட, அவர் அடிபட்டுக் கிடப்பது மற்றவர்களுக்கு எப்படித் தெரியவரும் என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும். அவர் எந்தெந்த நேரத்தில் தகவல் தர வேண்டும், தகவல் வராவிட்டால் யார், எத்தனை நிமிடங்களுக்குள், எவரை அழைக்க வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கைபேசித் தொடர்பு கிடைக்காத பகுதியாயின் செயற்கைக்கோள் தொலைபேசி தேவைப்படும்; மயங்கியவரால் பொத்தானை அழுத்த முடியாது என்பதால், நெடுநேரம் அசைவில்லாதபோது தானாகவே எச்சரிக்கை அனுப்பும் கருவிக்குக் கூடுதலாகச் செலவிடுவது தகும் என்றே கருதுகிறேன்.

பெட்டி சிறியதாக, எப்போதும் உடலோடு இருப்பதாக அமைய வேண்டும். வாகனத்தில் பூட்டி வைத்திருப்பது, விழுந்த இடத்திலிருந்து நகர முடியாதவருக்குப் பயன்படாது. கிருமி நீக்கிய கட்டுத்துணி, ஒட்டுப்பட்டை, கையுறை, உடல் வெப்பம் காக்கும் மெல்லிய போர்வை ஆகியவை பெரும்பாலான பணிகளுக்குப் போதும்.

சங்கிலி ரம்பம் போன்ற வெட்டுக் கருவிகளைக் கையாள்பவரின் நிலை வேறு. கடுமையான இரத்தப்போக்கு சில நிமிடங்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால், கை அல்லது காலைச் சுற்றி இறுக்கி இரத்தப்போக்கை நிறுத்தும், ஒரே கையால் இறுக்கக்கூடிய டூர்னிக்கெட் பட்டையை அவர் வைத்திருப்பதோடு, காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின்மீது படாமல், அதைத் தனக்குத்தானே கட்டிக்கொள்ளவும், கட்டிய நேரத்தைக் குறித்து வைக்கவும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.