தோல் மருக்களை நீக்கும் சிகிச்சை முறைகள்

சிகிச்சையைத் தொடங்கும் முன், தோலில் இருப்பது வைரஸால் வந்த மருதானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். மனித பாப்பிலோமா வைரஸ் மேல்தோலில் தொற்றுவதால் உண்டாகும் மரு பெரும்பாலும் சொரசொரப்பாக இருக்கும். தோலின் இயல்பான ரேகைகள் அதன் மேல் தொடராமல் அறுபட்டிருக்கும். உறைந்த நுண் இரத்தக்குழாய்கள் கரும்புள்ளிகளாகத் தெரியலாம். உள்ளங்காலில் வரும் மருவைப் பலரும் கால் ஆணி என்று எண்ணிவிடுகிறார்கள். நேராக அழுத்தும்போது வலித்தால் அது பெரும்பாலும் ஆணி. இரு பக்கமும் பிடித்து அழுத்தும்போது கூடுதலாக வலித்தால் மருவாக இருக்க வாய்ப்பு அதிகம். கழுத்திலும் அக்குளிலும் காம்புடன் தொங்கும் மென்மையான சதை மருக்களுக்கு இங்கே சொல்லப்படும் மருந்துகள் பொருந்தா.

ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதும் ஒரு வழியே. குழந்தைகளுக்கு வரும் மருக்களில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளில் தானாக மறைந்துவிடுவதால், வலியோ பரவலோ இல்லாத மருவுக்காகச் சிறு குழந்தையைத் துன்புறுத்தத் தேவையில்லை. பெரியவர்களுக்கு மறைய இதைவிட நாளாகும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவற்றுள் சாலிசிலிக் அமிலமே முதலிடத்துக்கு உரியது. 17 சதவீதத் திரவமாகவும், தடித்த உள்ளங்கால் மருக்களுக்கு 40 சதவீத மருந்துள்ள ஒட்டுப்பட்டையாகவும் இது கிடைக்கிறது. மருவை 5 முதல் 10 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, வெண்மையாக ஊறிய தோலை உராய்கல்லால் மெல்லத் தேய்த்தெடுத்து, ஈரத்தைத் துடைத்த பின், சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவிக்கொண்டு, மருவின் மீது மட்டும் மருந்தை இட வேண்டும். இதை நாள்தோறும் 12 வாரம் வரை தொடர வேண்டியிருக்கலாம். இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடுவதே இந்த மருந்து தோற்பதற்குப் பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. தோல் புண்ணாகிவிட்டால் மட்டும் ஆறும் வரை சில நாள் நிறுத்தலாம். உராய்கல்லைப் பிறரோடு பகிரக் கூடாது. மருவைத் தேய்த்த கல்லை நல்ல தோலிலும் பயன்படுத்தக் கூடாது.

இதற்கு மசியாத மருவை மருத்துவர் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனால் உறையச் செய்வார். வலியும் கொப்புளமும் வரும். 2 அல்லது 3 வார இடைவெளியில் பல முறை செய்ய வேண்டியிருக்கும். கருமையான தோலில் அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ போகக்கூடும் என்பதை முன்பே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. மரத்துப்போக ஊசி போட்டு மின்சூட்டால் எரிப்பது, சுரண்டி எடுப்பது, லேசர் ஆகியவையும் உண்டு. அவை தழும்பை விடலாம். நீக்கிய பின்னும் மரு திரும்பி வரலாம். பல இடங்களில் பரவிப் பிடிவாதமாக நிற்கும் மருக்களுக்கு, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் ஊசிகளை மருவுக்குள்ளேயே செலுத்தும் முறையையும் தோல் மருத்துவர்கள் கையாள்கிறார்கள்.

பிளேடால் அறுப்பதும் கிள்ளிப் பிய்ப்பதும் வைரஸைப் பரப்பும். முகத்திலும் பிறப்புறுப்பிலும் உள்ள மருக்களுக்குச் சாலிசிலிக் அமிலத்தை இடக் கூடாது. நீரிழிவு நோயாளிகளும், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. மரு என்று எண்ணியது வேகமாக வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, காரணமின்றி இரத்தம் கசிந்தாலோ, அது தோல் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பும் உண்டு என்பதால், மருந்து எதுவும் இடாமல் தோல் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.