வேற்றுக்கிரக இனங்களை எடைபோடுவது எப்படி?

விண்வெளித் தொடரைப் பார்க்க உட்காரும்போது ஒப்பனையை ஒதுக்கிவிடுங்கள். நெற்றியில் எலும்பு மேடு, பெரிய காது, புள்ளி விழுந்த தோல் எல்லாம் பசை வேலை. நான் முதலில் தேடுவது இதைத்தான்: ஒரே இனத்தார் இருவர் தங்களுக்குள் சண்டை போடுகிறார்களா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக, இருந்தவன் நான். தோட்ட நிர்வாகியான துரையின் கண்ணுக்கு வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் எல்லோரும் ஒன்றுதான். உள்ளே போனால் திருவிழாவில் கரகம் யார் தூக்குவது என்பதில் தொடங்கி, தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டுவது வரை ஒரே வீட்டில் இரண்டு கட்சி இருக்கும். (மலையாளிக் கிராணிக்கும் யாழ்ப்பாணக் கிராணிக்கும் நடந்த முறைப்பு தனிக் கதை.) வேற்றுக்கிரகவாசிகளைத் துரையின் கண்ணால் மட்டும் காட்டும் தொடரில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஃபெரெங்கிகளைப் பாருங்கள். 'ஸ்டார் ட்ரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 1987இல் வந்தபோது அவர்கள் துள்ளிக் குதிக்கும் பேராசைக்காரர்கள், அவ்வளவுதான். பயமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அன்று அந்த வேடம் கட்டியவர்களில் ஒருவரான ஆர்மின் ஷிமர்மனே 1993இல் தொடங்கிய 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் மதுக்கடை முதலாளி குவார்க்காக வந்தார். அதன் நான்காம் பருவத்தில், கடையில் வேலை செய்யும் தம்பி ரோமுக்குக் காதில் சீழ் பிடிக்கிறது. மருத்துவ விடுப்பு என்ற பேச்சே கிடையாது. ஃபெரெங்கிகளுக்குத் தடை செய்யப்பட்ட காரியத்தை, அதாவது சங்கத்தை, அவர் தொடங்குகிறார். வேலைநிறுத்தமும் நடக்கிறது. ஃபெரெங்கித் தொழிலாளிக்குச் சுரண்டலை ஒழிக்க ஆசையில்லை, தானும் ஒருநாள் சுரண்ட வேண்டும் என்றுதான் ஆசை என்று ரோம் சொல்லும் இடத்தில் எங்கள் தோட்டத்துத் தண்டல்கள் (வேலை வாங்கும் மேஸ்திரிகள்) இருவரின் முகம் எனக்குக் கண்முன் வந்து நின்றது. கடைசியில் அண்ணன் கோரிக்கைகளை இரகசியமாக ஏற்கிறார்; சங்கம் கலைகிறது; தம்பி வேலையை விட்டுப் போகிறார். இனத்தின் பேராசை போகவில்லை, ஆனால் அதற்குள் இரண்டு மனிதர்கள் கிடைத்துவிட்டார்கள்.

அடுத்து, இரண்டு இனங்களுக்கு நடுவே இருக்கும் பழைய கணக்கைத் தேடுங்கள். 'பாபிலோன் 5' தொடரில் சென்டாரிகள் ஒரு காலத்தில் நார்ன்களை அடக்கி ஆண்டவர்கள். மறுபடியும் போர் தொடுத்துப் பிடிக்கிறார்கள். ஒரு சென்டாரியை நார்ன் கொன்றால் 500 நார்ன்கள் சாக வேண்டும் என்பது புதுச் சட்டம். மூன்றாம் பருவத் தொடக்கத்தில் சென்டாரித் தூதர் லோண்டோவும் நார்ன் ஜிகாரும் ஒரே மின்தூக்கியில் உயிர் போகும் ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். தப்பிக்க லோண்டோ உதவி கேட்கிறார். ஜிகார் மறுத்துவிட்டுச் சிரிக்கிறார்: தான் கைவைக்காமலே எதிரி சாகப்போகிறான், 500 பேருக்கும் ஆபத்தில்லை. தானும் கூடவே சாக வேண்டியிருப்பதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

இந்தக் காட்சியை மட்டும் பிரித்தெடுத்துப் பார்க்காதீர்கள். முதல் பருவத்தில் ஜிகார் வில்லன் போலத்தான் தெரிவார். அதற்காகத் தாண்டிப் போகாமல் வரிசையாகவே பாருங்கள்.