பாய்மரப் படகில் சாட்டிலைட் இன்டர்நெட்: டிஷ் வாங்கும் முன் பேட்டரியைப் பாருங்கள்

சின்னப் பாய்மரப் படகில் இன்டர்நெட் வைக்க நினைப்பவர்கள் முதலில் டிஷ்ஷின் விலையை விசாரிக்கிறார்கள். பிறகு பணம் கரைவதோ பேட்டரியிலும் சோலாரிலும்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சாட்டிலைட் இன்டர்நெட் சேவையான ஸ்டார்லிங்கின் வழக்கமான டிஷ் சுமார் 75 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாள் முழுக்க ஓடினால் 1,800 வாட்-அவர் (Wh). 12 வோல்ட் பேட்டரியில் அது 150 ஆம்பியர்-அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு). லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் தைரியமாக எடுக்கலாம் என்பதால், இதற்கு மட்டுமே 300 ஆம்பியர்-அவர் பேட்டரி வேண்டும். ஃப்ரிட்ஜ், விளக்கு, ஆட்டோபைலட் எல்லாம் தனி. அதுவே 30 வாட் அளவில் ஓடும் மினி டிஷ்ஷை தினம் 4 மணி நேரம் மட்டும் போட்டால் 10 ஆம்பியர்-அவரில் முடிந்துவிடும். வேலை முடிந்ததும் அணைப்பதுதான் பெரிய சிக்கனம்.

இன்வெர்ட்டர் வழியாக ஓட்டுவது அடுத்த தவறு. 12 வோல்ட்டை ஏசி ஆக்கி, அதை அடாப்டரில் மறுபடி டிசி ஆக்கும்போது ஒரு பங்கு வெறும் சூடாகப் போகிறது. மினி 12 முதல் 48 வோல்ட் டிசியை நேரடியாகவே ஏற்கும். ஆனால் பேட்டரியிலிருந்து டிஷ் இருக்கும் பின்புறக் கம்பி வரை மெல்லிய ஒயரை இழுத்துவிடாதீர்கள். வழியிலேயே வோல்ட் இறங்கி, டிஷ் அணைந்து அணைந்து எழும். நாம் சிக்னலைத் திட்டிக்கொண்டிருப்போம். தடித்த ஒயர் போடுங்கள், இல்லையென்றால் பேட்டரி பக்கத்திலேயே வோல்ட்டை உயர்த்தும் கன்வெர்ட்டர் வையுங்கள்.

உயரம்தானே நல்லது என்று டிஷ்ஷைப் பாய்மர உச்சியில் ஏற்ற வேண்டாம். அங்கே ஆட்டம் அதிகம். செயற்கைக்கோள்கள் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் நகர்ந்துகொண்டே இருப்பதால், டிஷ்ஷுக்குத் தேவை அகலமான திறந்த வானம். படகின் பின்புற ஆர்ச் (வளைவுச் சட்டம்) நல்ல இடம். பாய் விரித்த நிலையில் வானத்தை எது மறைக்கிறது என்று காட்டும் ஸ்டார்லிங்க் செயலியின் தடை வரைபடத்தைப் பார்த்த பிறகே போல்ட்டை முடுக்குங்கள்.

அப்புறம் திட்டம். மலிவான ரோமிங் திட்டங்கள் தரைக்கும் கரையோரத்துக்கும் ஆனவை. ஆழ்கடலுக்கு ஜிபி கணக்கில் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். அங்கே போனின் போட்டோ பேக்கப்பும் தானியங்கி அப்டேட்டும் ஒரே இரவில் டேட்டாவைத் தின்றுவிடும், புறப்படும் முன்பே நிறுத்திவிடுங்கள். கரைக்கு அருகில் 4ஜி கிடைத்தால் அதுவே போதும். சில நாடுகளில் அனுமதி இல்லாத சாட்டிலைட் கருவி குற்றம் என்பதையும் மறக்காதீர்கள்.

எனக்கு உண்மையில் பயம் தருவது ஒன்றுதான்: இன்டர்நெட் வந்துவிட்டதே என்று பக்கத்துப் படகுகளோடு பேச உதவும் விஎச்எஃப் ரேடியோவையும், ஆபத்தில் மீட்புக் குழுவுக்குச் சிக்னல் அனுப்பும் ஈபிர்ப் (EPIRB) கருவியையும் கைவிடுவது. படகின் பேட்டரி தண்ணீருக்குள் போனால் டிஷ்ஷும் போச்சு. ஈபிர்ப் அப்போதும் தன் சொந்த பேட்டரியில், 406 மெகாஹெர்ட்ஸில், குறைந்தது 48 மணி நேரம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.